அருளப்பன் ஐயாவின் ஸ்லைடர் போன்

போன வாரம் மும்தாஜ் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இரண்டாக மடிகிற புது மாதிரி போன் ஒன்று, நடுவில் கறுப்புக் கோடு விழுந்து மேசைமேல் மல்லாந்து கிடந்தது. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, மடியற இடத்துல உள்ள கேபிள் போயிடுச்சு. என்கிட்ட வேலை பாக்குற பசங்க உலகத்துலயே முதல் தடவை நடக்குற மாதிரி சுத்தி நிக்கிறாங்க. உங்க ஸ்லைடர் போன் கதைய எழுதி அனுப்புங்க. படிச்சுக் காட்டணும்."

"முழுக் கதையுமா?" என்று கேட்டேன்.

"முழுசா. நீங்க பண்ண திருட்டுத்தனத்தையும் சேர்த்து."

அவள் இப்போது பூந்தமல்லியில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு மேனேஜர். அந்தத் திருட்டுத்தனத்தில் பாதிப் பங்கு அவளுடையது என்பதைப் பசங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டிவி போர்டுக்கு சால்டரிங் வைத்து விரலைச் சுட்டுக்கொண்டதில் ஆரம்பித்த வேலை. அந்தக் கம்பெனி மூடியதும் பேஜருக்குப் போனேன். பேஜர் போனதும் செல்போனுக்கு வந்தேன். செல்போனுக்குப் பயிற்சி மூன்று வாரம். முதல் வாரம் எதையும் தொடக்கூடாது என்றார்கள். இரண்டாவது வாரம் தொட்டதெல்லாம் உடைந்தது. மூன்றாவது வாரம் சான்றிதழ் கொடுத்து, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மாடியில் இருந்த சர்வீஸ் சென்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். கீழே ஸ்வீட் ஸ்டால். நாள் முழுக்க நெய் வாசனையில் ஸ்க்ரூ கழற்றியே எனக்கு இந்த உடம்பு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்லைடர் போன் வந்தது. மேலே தொடுதிரை. அதைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால், அடியிலிருந்து நான்கு வரிசைப் பொத்தான்களோடு ஒரு முழு கீபோர்டு வெளியே வரும். திரையும் தானாகப் படுக்கைவாட்டில் திரும்பிக்கொள்ளும். தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்கினவர்கள் உண்டு. கையில் எடுத்தவர் யாரும் அதைச் சும்மா வைத்திருந்து நான் பார்த்ததில்லை. கொரட்டூரிலிருந்து ஒரு ஐடி கம்பெனிப் பையன் வந்தான், ஊர் திருநெல்வேலிப் பக்கம். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை தள்ளுவீங்க?" என்று கேட்டேன். "தேவைப்பட்டா மட்டும்தான் மேடம்" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டக், டக், டக் என்று பதினோரு தடவை தள்ளியிருந்தான். நான் எண்ணினேன்.

அந்தப் போனுக்கு இருந்த ஒரே பெரிய நோய், மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைக்கிற கேபிள். டேப் மாதிரி மெல்லியது. தள்ளும்போதெல்லாம் அது உள்ளே மடிந்து விரியும். ஒரு கட்டத்தில் கிழிந்துவிடும். அதை மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஜாப் ஷீட். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு பேட்டரிக்கு அடியில் உள்ள வெள்ளை ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டிருந்தால் சிவந்திருக்கும். அடுத்து, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போனைக் கெடுக்காமல் தடுக்கிற பட்டையை நான் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வேன். மேசையில் உட்காருபவர் கையில் வாட்ச், வளையல், மோதிரம் எதுவும் இருக்கக்கூடாது. அதன்பிறகு பதினொரு ஸ்க்ரூ. பன்னிரண்டாவது ஸ்க்ரூ ஒரு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் நெம்பி உடைத்தவர்கள் அநேகம். அந்த வரிசையில் நானே முதல் ஆள். கேபிள் மாற்றி முடித்ததும் நூறு தடவை தள்ளிப் பார்த்து, கடைசியாக எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்து, ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் மேனேஜர் தாமோதரன் சார். கத்தவே மாட்டார். திட்ட வேண்டியவர்களை 'மேடம்' என்பார், பாராட்ட வேண்டியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இருபத்தாறு பேர் வேலை பார்த்தோம், எல்லோருமே மேடம், சார்தான். ஜாப் ஷீட்டை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கி, தீர்ப்பு வாசிக்கிற மாதிரி உரக்கப் படிப்பார். படித்து முடித்து, "நோட் பண்ணிக்கோங்க" என்பார். எதை நோட் பண்ணுவது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வோம்.

அவருக்கு ஒரு பக்கத் தொழிலும் இருந்தது. காந்த வளையம். கையில் மாட்டிக்கொண்டால் பிரஷர் இறங்கும், சுகர் இறங்கும், மூட்டுவலி போகும் என்று ஆளுக்கு ஆள் விற்கிற சங்கிலி வியாபாரம். அவர் கையில் இரண்டு போட்டிருந்தார். கவுன்டர் பெண்கள் எல்லோர் தலையிலும் ஒன்று கட்டியாகிவிட்டது. காத்திருக்கும் வாடிக்கையாளர்களிடமும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தூக்கம் எப்படி வருது உங்களுக்கு?" என்று ஆரம்பிப்பார். என்னிடமும் வந்தார். "மேசையில உட்காரும்போது கையில உலோகம் கூடாதுன்னு நீங்கதானே சார் சர்க்குலர் போட்டீங்க" என்றேன். அதற்கப்புறம் ஒரு மாதம் எனக்கு மேடம் பட்டம் கூடுதல் அழுத்தத்தோடு விழுந்தது.

அருளப்பன் ஐயா முதல் தடவை வந்தது ஒரு மழைக்கால காலை. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் தகடு அடித்தவர். மிஷின் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது. மனைவி இல்லை. ஒரே மகள் ஜெசிந்தா மஸ்கட்டில். அப்பாவோடு போனில் பேச முடியாததால், மெசேஜ் அடிப்பதற்கென்றே அந்த ஸ்லைடர் போனை வாங்கிக் கொடுத்திருந்தாள். கண்ணாடித் திரையில் அவர் விரல் நிற்காது. பொத்தான் என்றால் அழுத்தியது விரலுக்குத் தெரியும். போனை இடது உள்ளங்கையில் கிடத்தி, அடிப்பக்கத்தை மணிக்கட்டின்மேல் சாய்த்து, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாக, தகட்டில் துளை போடுகிற கவனத்தோடு அழுத்துவார்.

"இன்னாமா, சரியாயிடுமா?" என்று ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காத மனிதர். "எம்பொண்ணு மாசமா கீது. தெனம் இதுலதான் பேசிக்கிறோம்."

கேபிள் கிழிந்திருந்தது. அன்றைக்கே மாற்றிக் கொடுத்தேன். அவர் வெளியே போகிற வழியில் தாமோதரன் சார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதைக் காட்டி, நரம்பைக் காட்டி, கையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதற்குமேல் அதைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஐயா திரும்பி வந்தார். "அடிக்கவே மாட்டேங்குதும்மா. தள்னா லைட் எரியுது, கைல வச்சா அணைஞ்சிடுது." வாங்கித் தள்ளிப் பார்த்தேன். அருமையாக அடித்தது. அவர் கையில் கொடுத்தேன். அணைந்துவிட்டது. திரும்ப வாங்கினேன், எரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம்.

புதுக் கேபிளில்தான் கோளாறு என்று அதை மாற்றினேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார். கீபோர்டு போர்டையே மாற்றினேன். அதற்கும் வந்தார். நூறு தடவைக்குப் பதில் முந்நூறு தடவை தள்ளிப் பார்த்தேன். என் மேசையில் ஒரு குறையும் இல்லை. ஷீட்டில் 'கோளாறு காணப்படவில்லை' என்று எழுதினேன். தாமோதரன் சார் அந்த ஷீட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து, போனைத் தன் கையில் வாங்கித் தள்ளினார். லைட் எரிந்து, அணைந்தது.

"என் கையிலயே வேலை செய்யல மேடம். உங்க கைக்கு மட்டும் என்ன தனி அருள்?"

ஐந்தாவது தடவை ஐயா ஒரு திங்கட்கிழமை வந்து போனை ஒப்படைத்தார். அன்று குரல்கூட உயரவில்லை. "எம்பொண்ணுக்கு இன்னும் மூணு வாரத்துல டெலிவரிம்மா. அதுக்குள்ள குடுத்துடு" என்று மட்டும் சொல்லி, சிம்மை ஜாப் ஷீட் நகலில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவரிடம் வேறு போன் கிடையாது. தகவல் சொல்ல, தான் வாடகைக்கு இருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா நம்பரை எழுதிக் கொடுத்திருந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எனக்கு மெமோ வந்தது. 'தரமற்ற பணி.' சனிக்கிழமை வாடிக்கையாளர் வரும்போது, அவர் முன்னால் நான் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் மேசையை விட்டு பேக்கிங் பிரிவுக்கு மாற்றம். பதினேழு வருடம் ஸ்க்ரூ பிடித்த கையால் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். பாத்ரூமில் போய் ஐந்து நிமிடம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து போனை மறுபடி திறந்தேன்.

அன்று மத்தியானம் மும்தாஜ் என் மேசைக்கு வந்தாள். கவுன்டரில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். போனை எடுத்து, அருளப்பன் ஐயா பிடிக்கிற மாதிரியே மணிக்கட்டில் சாய்த்து, அவரைப் போலவே ஒற்றை விரலை நீட்டி நடித்துக் காட்டினாள்.

"இன்னாமா, சரியாயிடு... அக்கா, அணைஞ்சிடுச்சு!"

வாங்கினேன். எரிந்தது. கொடுத்தேன். அணைந்தது. அவள் பயந்து கையை உதறினாள். மணிக்கட்டில் காந்த வளையம் ஆடியது.

அந்த நொடி எனக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் போனின் மேல் பாதியில் ஒரு குட்டிக் காந்தம் உண்டு. கீழ்ப் பாதியில் அரிசியளவுக்கு ஒரு சென்சார் உண்டு. போனை மூடினால் இரண்டும் நேருக்கு நேர் வரும். காந்தம் பக்கத்தில் வந்துவிட்டது, ஆகவே மூடிவிட்டார்கள் என்று போன் புரிந்துகொண்டு கீபோர்டைத் தூங்க வைத்துவிடும். வளையத்தைக் கழற்றச் சொல்லி, திறந்த போனுக்கு அடியில் கொண்டுபோனேன். அணைந்தது. தள்ளி வைத்தேன். எரிந்தது. மேசையில் உட்காருபவர் கையில் உலோகம் கூடாது என்பதால், ஆறு வாரமாக இந்த நோய் என் கண்ணில் மட்டும் படவே இல்லை.

"வீட்டுக்காரம்மாவுக்குப் போன் பண்ணவா அக்கா? வந்து வாங்கிட்டுப் போகட்டும்" என்றாள் மும்தாஜ், ரிசீவரை எடுத்துக்கொண்டே.

நான் அவள் கையைப் பிடித்து ரிசீவரைக் கீழே வைத்தேன். "சனிக்கிழமை ஹால் நிறைய ஆள் இருக்கும். அன்னிக்குத்தானே சார் எனக்குக் கச்சேரி வச்சிருக்காரு? அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"பெரியவர் பாவம்க்கா."

"ஆறு வாரம் பொறுத்தாரு. இன்னும் நாலு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

சனிக்கிழமை வந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அருளப்பன் ஐயா முதல் வரிசையில். தாமோதரன் சார் சட்டைக்குப் புது இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஷீட்டை இரண்டு விரலால் தூக்கி முழுவதையும் படித்து, "நோட் பண்ணிக்கோங்க. இப்ப மேடம் ஒரு விஷயம் சொல்வாங்க" என்றார்.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு டெஸ்ட். நிலைமின்சார விதிப்படி, போனைத் தொடறவங்க கையில உலோகம் கூடாது. உங்க சர்க்குலர்தான் சார். பெரியவர், நீங்க, ரெண்டு பேருமே கையில உள்ளதெல்லாம் கழட்டி இதுல வச்சிடுங்க."

தன் சர்க்குலரை முப்பது பேர் முன்னால் அவர் எப்படி மறுப்பார்? வாட்சைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். இரண்டு வளையத்தையும் கழற்றினார். ஐயாவுக்கு நான் சைகையில் காட்டினேன். அவரும் வாட்ச், மோதிரம், வளையம் மூன்றையும் வைத்தார். இரண்டு பேரும் கோவிலுக்குள் போகிறவர்கள் மாதிரி வெறும் கையோடு நின்றார்கள். போனை ஐயாவிடம் கொடுத்தேன். தள்ளினார். டக். லைட் எரிந்தது. ஒரு எழுத்து அழுத்தினார். வந்தது. இன்னொன்று, அதுவும் வந்தது.

"அடிக்குது! எம்மா, அடிக்குது!"

தாமோதரன் சாரிடம் கொடுத்தேன். அவர் கையிலும் அடித்தது. அவர் முகம் என்னைப் பார்த்து மலர்வதற்குள், "இப்ப ஒண்ணொண்ணா திரும்பப் போட்டுக்குங்க சார்" என்றேன். வாட்ச் போட்டார், அடித்தது. மோதிரம் போட்டார், அடித்தது. ஹாலில் நாலைந்து பேர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒரு வளையத்தை மாட்டினார். லைட் அணைந்தது. கழற்றினார். எரிந்தது. தன்னையறியாமல் மறுபடி மாட்டினார். அணைந்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா தன் கையைத் தூக்கிக் காட்டி, "சார், என் முட்டி வலிக்கு நீங்க குடுத்ததும் இதானே?" என்று கேட்டார். இன்னொருவர், "அப்ப எம்போனு தானா ஆஃப் ஆவறதுக்கும் இதான் காரணமா? நான் நாயா அலைஞ்சிகினு கீறேன் சார்!" என்று எகிறினார். அவருடையது சாதாரண பேட்டரிக் கோளாறு. ஆனாலும் நான் குறுக்கிடவில்லை.

தாமோதரன் சார் முகத்திலிருந்து நிறம் இறங்கி, பிறகு மெதுவாக ஏறியது. அந்த மனிதரிடம் நான் கற்றுக்கொள்ள ஏதாவது இருந்தது என்றால் அது அடுத்து அவர் செய்ததுதான். வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"பார்த்தீங்களா, காந்தத்தோட பவரை? இவ்வளவு பெரிய மிஷினையே தூங்க வைக்குதுன்னா, உங்க பிரஷரை என்ன பண்ணும்னு யோசிச்சுக்கோங்க!"

அந்த இடத்திலேயே இரண்டு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் சற்றுமுன் எகிறியவரே. சார் போகிற போக்கில் என் பக்கம் குனிந்து, "மெமோவைத் திருப்பி வாங்கிக்கிறேன், பிரமிளா" என்றார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை புது சர்க்குலர் வந்தது: காந்த வளையம் அணிவோர் வலது கையில் அணியவும்.

மும்தாஜ் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவாள். பசங்களும் கை தட்டுவார்கள். ஆனால் முழுசா என்று கேட்டது அவள்தான்.

சார் வியாபாரத்தில் இருக்கும்போது அருளப்பன் ஐயா சட்டைப்பையிலிருந்து சிம்மை எடுத்துப் போட்டார். போன் உயிர் பிடித்து, ஒன்றன் பின் ஒன்றாக அதிர ஆரம்பித்தது. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்துக்கூட்டி, தன் பெரிய குரலில் படித்தார். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"அப்பா, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரி போறோம்." அது புதன்கிழமை போட்டது. "அப்பா, பையன். நல்லா இருக்கோம்." அதுவும் புதன்கிழமை. "அப்பா, பாத்தீங்களா?" வியாழன். "ஏன்பா பதில் இல்ல? உடம்பு சரியில்லையா?" வெள்ளி. "அப்பா, பயமா இருக்கு. யாருக்குப் போன் பண்றதுன்னு தெரியல." அன்று காலை.

வீட்டுக்காரம்மா நம்பர் அந்தப் பெண்ணிடம் இல்லை. எங்கள் ஜாப் ஷீட்டில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மும்தாஜ் கையில் இருந்து நான் வாங்கி வைத்த ரிசீவர், அந்த ஷீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"பேரன் பொறந்துகீறான்மா!" என்று ஐயா என்னைப் பார்த்துக் கத்தினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "புதன்கெயமயே பொறந்துட்டான்! மூணு வாரம் முந்திகினான்!" முப்பது பேரும் சிரித்து வாழ்த்துச் சொன்னார்கள். கீழே ஸ்வீட் ஸ்டாலுக்கு யாரோ ஓடினார்கள். மும்தாஜ் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தாள்.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் காது கேட்காத மனிதரிடம் ரகசியமாக மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்டால் ஹாலுக்கே கேட்கும். அவர் பதில் அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, போனைக் கையில் வாங்கி, புதிதாக ஒரு மெசேஜ் திறந்து அடித்தேன்: "ஐயா, செவ்வாய்க்கிழமையே கோளாறு தெரிஞ்சிடுச்சு. மேனேஜரை எல்லார் முன்னாடியும் மாட்டிவிட சனிக்கிழமை வரைக்கும் நான்தான் சொல்லாம வச்சிருந்தேன். தப்பு என்னுது."

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். நிமிர்ந்து தாமோதரன் சாரைப் பார்த்தார். சார் ஒருவர் மணிக்கட்டை அளந்துகொண்டிருந்தார். ஐயாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாரா, என்னைத் திட்டப் போகிறாரா என்று புரியவில்லை. போனை மணிக்கட்டில் சாய்த்து ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் எழுத்துப் பழகுகிறவர் மாதிரி அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"அவன் மூஞ்சிய பாக்க நாலு நாள் குடுக்கலாம்மா. ஆனா நீ எடுத்தது என் நாள் இல்ல, எம்பொண்ணு நாளு. அவளுக்கு நீயே எழுது."

போனை என் கையில் வைத்துவிட்டு, வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

அந்தக் கீபோர்டை நான் எத்தனையோ தடவை பிரித்திருக்கிறேன், மாட்டியிருக்கிறேன், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. 'ஜெசிந்தா, உன் அப்பா நல்லா இருக்காரு. நான் சர்வீஸ் சென்டர்ல இருந்து பிரமிளா எழுதறேன்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எந்தப் பொத்தானைத் தொடுவது என்று விரலுக்குத் தெரியவில்லை. கவுன்டரில் அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். "மேடம்" என்று சார் குரல் வந்தது. கையைத் தூக்கி இருங்கள் என்று காட்டிவிட்டு, அடுத்த எழுத்தைத் தேடினேன்.